கண்டியில் அப்பாவுடன் இரண்டு நாள் நடை

கண்டிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அந்நகரத்தை அரை நாளில் பார்த்து முடித்துவிடுகிறார்கள். காலையில் வேனில் வந்து இறங்கி, புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகையைத் தரிசித்து, வாவியின் கரையில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிற்பகலில் பேராதனைப் பூங்காவைச் சுற்றிவிட்டு நுவரெலியாவுக்கோ கொழும்புக்கோ புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், நாற்புறமும் மலைகள் எழுந்து நிற்கக் குழிந்த தட்டுப்போல அமைந்திருக்கும் இந்த நகரம், நடந்து ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான் தன்னைக் காட்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரே வாவியைக் கரையில் நின்று ஒருமுறையும், பாதி மலையில் நின்று ஒருமுறையும், காட்டின் மேட்டிலிருந்து இலைகளின் இடைவெளியில் ஒருமுறையும் பார்த்தவருக்கு, அந்த நீரை அங்கே தேக்கியவன் எதை நினைத்துத் தேக்கினான் என்பது கொஞ்சமாவது விளங்கும்.

சென்ற ஆடி மாதத்தில் அப்பாவை அழைத்துக்கொண்டு இரண்டு நாள் அங்கே தங்கியிருந்தேன். மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வாழ்நாள் முழுவதும் மலைச் சரிவில் ஏறி இறங்கியவர் என்றாலும், எழுபதைத் தாண்டிய பிறகு அவருடைய முழங்கால்கள் எல்லாப் படிகளையும் ஏற்றுக்கொள்வதில்லை. எத்தனையோ முறை கண்டிக்கு வந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்காக, வங்கிக்காக, கட்டுகலைப் பிள்ளையாரைக் கும்பிடுவதற்காக. ஊரைப் பார்ப்பதற்கென்று மட்டும் அவர் வந்தது இதுவே முதன்முறை என்பதைச் சனிக்கிழமை காலை வாவிக்கரையில் வைத்துத்தான் என்னிடம் சொன்னார். எனக்கு அது பெரிய வருத்தமாக இருந்தது. மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையே பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம்தான்.

வாவியைச் சுற்றி நடக்க விரும்புகிறவர்கள் காலை ஆறரை மணிக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். ஏழரை மணிக்குப் பிறகு பாடசாலை வாகனங்களும் பஸ்களும் கரையோர வீதியை நிறைத்துவிடும். சுற்றியுள்ள மலைகள் புகையை வெளியே விடாமல் தடுத்து வைப்பதால் மூச்சு முட்டும். விடியற்காலையில் அதே வீதி வேறோர் இடம்போல இருக்கிறது. சுற்று முழுவதும் மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். அப்பாவின் நடைக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்தது. இடையிலே நான்கு வாங்குகளில் உட்கார்ந்தோம். நீருக்கு மேல் சாய்ந்த மரக்கிளைகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. கரைக் கல்லின்மேல் ஒரு நீருடும்பு, வெயில் வரட்டும் என்று காத்திருப்பதைப்போல அசையாமல் கிடந்தது.

இது இயற்கையான ஏரி அன்று. 1807 ஆம் ஆண்டில், கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், மாளிகைக்கு முன்னால் கிடந்த வயல்நிலத்துக்கு அணை கட்டி இந்த நீரைத் தேக்கினான். சிங்களத்தில் இதற்குக் 'கிரி முஹுத' என்றொரு பழைய பெயர் உண்டு; பாற்கடல் என்பதே அதன் பொருள். நாயக்கர் வம்சத்தில் பிறந்து, கண்ணுசாமி என்ற பெயரோடு வளர்ந்த ஒருவன் தன் மாளிகை வாசலில் திருப்பாற்கடலைக் கட்ட ஆசைப்பட்டான் என்று நினைத்துப் பார்க்கும்போது, அந்தப் பெயர் தமிழ்க் காதுக்கு அந்நியமாகப் படுவதில்லை. கரையை ஒட்டி மேகக் கூட்டம்போல அலையலையாக ஏறி இறங்கும் வெண்சுவர் ஒன்று செல்கிறது. அதன் முக்கோணத் துளைகள் விளக்கேற்றுவதற்காக விடப்பட்டவை. அந்தச் சுவர் வாவியை முழுவதும் சுற்றி வரவில்லை, பாதியிலேயே நின்றுவிடுகிறது. 1815 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்து, அரசனைச் சிறைசெய்து, பிறகு வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கேயே 1832 ஆம் ஆண்டில் அவன் இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுக்குச் சமாதி இருக்கிறது. வாவியின் நடுவே உள்ள சிறு தீவை, வந்தவர்கள் வெடிமருந்து வைக்கும் இடமாக மாற்றிக்கொண்டார்கள்.

சுவர் நின்றுபோன இடத்தில் அப்பா வெகுநேரம் நின்றார். இந்த வாவியை வெட்டுவதற்காக மக்களிடம் வாங்கிய கட்டாய உழைப்பைப் பற்றியும் வரலாற்றில் கசப்பான கதைகள் உண்டு. அவற்றை நான் சொன்னபோது, "வேல வாங்குனவன் பேருதான் நிக்கும் புள்ள, செஞ்சவன் பேரு நிக்காது" என்றார். நாற்பது ஆண்டுகள், தோட்டத் தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் நின்று பேர் கூப்பிட்டவர் சொன்ன சொல் அது.

காலை உணவுக்குப் பிறகு, வாவியின் தென்கரைக்கு மேலே செல்லும் ராஜபிஹில்ல மாவத்தையில் ஏறினோம். 'பிஹில்ல' என்றால் நீர் கொட்டும் குழாய். தோட்டங்களில் நாம் பீலி என்றும் பீலிக்கரை என்றும் சொல்கிறோமே, அதுவேதான். 'அரசனுடைய பீலி' என்று நான் பெயரைப் பிரித்துச் சொன்னதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. அந்த வீதியின் வளைவில் வேஸ் பூங்கா இருக்கிறது. மத்திய மாகாணத்தின் அரசாங்க அதிபராக இருந்த ஆங்கிலேயரின் பெயரைத் தாங்கிய மிகச் சிறிய பூங்கா அது. பத்து நிமிடத்தில் சுற்றிவிடலாம். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் கைப்பற்றிய ஜப்பானியப் பீரங்கி ஒன்றை மவுண்ட்பேட்டன் பிரபு கண்டி நகரத்துக்குக் கொடுத்தார். அது இங்கேதான் நிற்கிறது. பூச்செடிகளுக்காக இங்கே வர வேண்டியதில்லை. வாவி, தீவு, தலதா மாளிகையின் எண்கோண மண்டபம், அதற்குப் பின்னால் கருமையாக எழும் உடவத்தகெலே காடு ஆகிய எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காண வேண்டுமென்றால் இந்த இடத்துக்கு இணையில்லை. கீழே நடந்தபோது வெறும் மரக்கூட்டமாகத் தெரிந்த காடு, மாளிகையின் தலைக்கு மேல் கவிழ்ந்திருப்பது இங்கிருந்துதான் புலப்படுகிறது. மறுநாள் அந்தக் காட்டுக்குப் போக வேண்டும் என்று அப்பா இங்கே நின்றுதான் முடிவு செய்தார்.

பிற்பகலில் பேராதனைக்குப் போனோம். நகரிலிருந்து கொழும்பு வீதியில் ஐந்தாறு கிலோமீற்றர் தூரம். எந்தப் பஸ்ஸிலும் ஏறலாம். மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்து ஓட, அதன் நடுவில் 147 ஏக்கர் பரப்பில் விரிந்திருக்கும் இந்தத் தாவரவியல் பூங்காவை 1821 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் மூன் என்பவர் தொடங்கினார். அதற்கு முன்பு கண்டி மன்னர்களின் இன்பவனமாகவும் இது இருந்தது. ஒரே பிற்பகலில் இதைப் பார்த்து முடிக்க நினைப்பவர்கள் களைப்பைத்தான் கொண்டு போவார்கள். அன்று வாசனைப் பயிர்த் தோட்டத்தையும் ஆற்றங்கரை மூங்கில்களையும் மட்டும் பார்ப்பது என்று தீர்மானித்தோம்.

ஜாதிக்காய், கறுவா, கராம்பு, ஏலம் ஆகியவற்றை அப்பாவுக்கு அறிமுகம் செய்ய வேண்டிய தேவை இல்லை. ஒவ்வொன்றின் இலையையும் தரையில் உதிர்ந்ததிலிருந்து எடுத்துக் கசக்கி முகர்ந்து எனக்குத்தான் அவர் பாடம் நடத்தினார். மரத்திலிருந்து எதையும் பறிக்கக்கூடாது என்ற விதியை மிகுந்த மரியாதையோடு கடைப்பிடித்தார். அங்கிருந்து ஆற்றங்கரைக்கு வந்தபோது இராட்சத மூங்கில்களைக் கண்டு சற்று நேரம் பேசவே இல்லை. பர்மா நாட்டைச் சேர்ந்த இந்த மூங்கில் நூறு அடி வரை வளரக்கூடியது; ஒரு தண்டை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்தால்தான் அதன் பருமன் தெரியும். மழைக்காலத்தில் புதிய முளை ஒரு நாளில் ஓர் அடி உயரும் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. கொத்தின் ஓரத்தில், மண்ணைப் பிளந்து கொண்டு எழுந்திருந்த ஓர் இளமுளையின் பக்கத்தில் தன் கறுப்புக் குடையை ஊன்றி நிறுத்தினார். முளையின் கூர்நுனி, குடையின் வளைந்த கைப்பிடி தொடங்கும் இடத்துக்கு நேராக இருந்தது. "நாளைக்கு வந்து பார்ப்பம்" என்றார்.

பக்கத்திலிருந்த முதிர்ந்த தண்டுகளில் காதலர்களும் மாணவர்களும் தங்கள் பெயர்களைக் கத்தியால் கீறி வைத்திருந்தார்கள். அந்தக் காயங்கள் அந்தத் தண்டு சாயும் வரை ஆறுவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அந்தப் பழக்கம் இருந்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அந்தக் கரையில் இன்னொரு காட்சிக்காகவும் நான் அவரை உட்கார வைத்தேன். ஆற்றுக்கு அப்பால் தெரிகிற ஊர் கன்னொறுவை. 1820களின் நடுப்பகுதியில், அப்போதைய ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் தம் சொந்தக் கோப்பித் தோட்டத்தை அங்கேதான் உண்டாக்கினார். அந்தக் கோப்பிக்காகத்தான் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நம்முடைய முன்னோரைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை அவர்கள் நடந்து வந்தார்கள். கொலராவும் பசியும் பலரை வழியிலேயே மாய்த்தன. 1869 ஆம் ஆண்டில் கோப்பி இலைகளில் துரு நிறத்துப் புள்ளிகள் தோன்றின. அந்த நோயை அறிவியல் உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனவர் இந்தப் பூங்காவின் அதிகாரியாக முப்பது ஆண்டுகள் இருந்த துவெயிட்ஸ். இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. அந்தத் தேயிலைச் செடியும் 1824 ஆம் ஆண்டிலேயே சீனாவிலிருந்து இந்தப் பூங்காவுக்கு வந்து சேர்ந்திருந்தது. அப்பாவின் தாத்தா கவ்வாத்து வெட்டியதும், அப்பத்தா கொழுந்து பறித்ததும், அப்பா பேர்ப்பதிவு எழுதியதும், அதிலிருந்து கிடைத்த காசில் நான் படித்ததும் இந்த ஆற்றின் இரு கரைகளிலிருந்தும் புறப்பட்டவை என்றே நான் கருதுகிறேன். 2023 ஆம் ஆண்டில், வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்து வந்தபோது, முழங்காலைச் சபித்துக்கொண்டு வீட்டில் இருந்தவர் அப்பா. அன்று அவர் நடக்க முடியாமல்போன தூரத்தில் ஒரு சிறு பகுதியாவது இந்தப் பூங்காவின் பாதைகளில் நடந்ததாக இருக்கட்டும் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தலதா மாளிகையின் பின்புறமாகச் சென்று, தேசிய அருங்காட்சியகத்துக்கு மேலே உள்ள பழைய ஆங்கிலேய இராணுவக் கல்லறைத் தோட்டத்தை முதலில் பார்த்தோம். இதைத் தவிர்த்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். ஆனால் கண்டியில் இவ்வளவு அமைதியாகப் பராமரிக்கப்படும் புல்வெளி வேறொன்றை நான் கண்டதில்லை. கற்களில் உள்ள வயதுகளைப் படித்துக்கொண்டு போனால் மனம் கனக்கிறது. மலேரியாவாலும் கொலராவாலும் இருபதுகளில் இறந்த படைவீரர்கள், பால்குடி மறவாத பிள்ளைகள், 1856 இல் காட்டு யானையால் கொல்லப்பட்ட ஒருவர். ஜோன் டொய்லியின் கல்லறையும் இங்கே இருக்கிறது. கண்டிப் பிரதானிகளோடு இரகசியமாகப் பேசிப் பேசி, அரசனை வீழ்த்துவதற்கு வழி செய்தவர் அவர். 1824 ஆம் ஆண்டில் இறந்தார். வேலூரில் சிறையிருந்த அரசன் அவருக்குப் பிறகும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தான். அரசன் தேக்கிய நீருக்குக் கூப்பிடு தூரத்தில் டொய்லி உறங்குகிறார், அரசனோ பாலாற்றங்கரையில்.

உடவத்தகெலே காட்டுக்குள் நுழைவதற்கு வாயிலில் சீட்டு வாங்க வேண்டும். மாளிகைக்கு மேலுள்ள தோட்டம் என்ற பொருளுடைய 'உட வாசல வத்த' என்ற பெயரிலிருந்துதான் இன்றைய பெயர் வந்தது. அரச குடும்பத்தைத் தவிர வேறு யாரும் நுழையக்கூடாத தடைசெய்யப்பட்ட காடாக இருந்ததனால்தான், நகரத்தின் நடுவே 104 ஹெக்டேயர் பரப்பில் ஒரு காடு இன்று வரை மிஞ்சியிருக்கிறது. ஆங்கிலேயர் 1856 ஆம் ஆண்டில் இதை ஒதுக்குக் காடாக அறிவித்தார்கள். 1938 இல் இது சரணாலயம் ஆனது. அவர்களுடைய ஆளுநர் மாளிகை பக்கத்திலேயே இருந்ததால், காட்டுப் பாதைகள் ஆளுநர்களின் மனைவியருடைய பெயர்களைப் பெற்றன. ஹோர்ட்டன் சீமாட்டியின் பாதை, டொரிங்டன் சீமாட்டியின் பாதை, கோர்டன் சீமாட்டியின் பாதை என்று பலகைகள் இன்னும் அந்தப் பெயர்களையே சொல்கின்றன. அரசிகள் நீராடிய குளம் என்று சொல்லப்படும் சிறு பொய்கை, இருண்ட பச்சை நிறத்தில், மேலே கவிந்த கிளைகளின் நிழலை ஏந்திக் கிடக்கிறது. அதன் அடியில் பொற்காசுகள் இருப்பதாக ஒரு நம்பிக்கை.

ஆடி மாதத் தூறலில் இந்தக் காட்டில் அட்டைகள் மிகுதி. சவர்க்காரத்தைக் கணுக்காலிலும் காலுறையின் மேலும் தடவிக்கொண்டு போவது தோட்டத்து வழக்கம். அது இங்கும் பலித்தது. சரிவில்லாத பாதைகளாகத் தேர்ந்தெடுத்து மெதுவாக நடந்தோம். குளத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில், நூறாண்டுக்கு மேல் வயதுடைய மாபெரும் கொடி ஒன்று மரங்களுக்கிடையே முறுக்கேறிப் படுத்தும் எழுந்தும் செல்கிறது. அதை மரமென்று எண்ணித்தான் அப்பா முதலில் தொட்டார். செங்குரங்குகள் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தன. குக்குறுவானின் குரல் மட்டும் எங்கேயோ இடைவிடாது கேட்டது. பறவை கண்ணுக்குப் படவேயில்லை. மழையின் ஒலியைவிட இலைகளிலிருந்து சொட்டும் நீரின் ஒலிதான் அதிகமாகக் கேட்கிறது என்று அப்பா கவனித்துச் சொன்னார். கீழே நகரத்தின் ஹோர்ன் சத்தம் இல்லாமல் போயிருந்தது.

ஆனால் இந்தக் காட்டைப் பார்க்கும்போது எனக்கு ஒரு கவலையும் உண்டு. நடைபாதையின் இருபுறமும் ஒரே மாதிரியான இளங்கன்றுகள் அடர்ந்து நிற்கும் பகுதிகள் பல இருக்கின்றன. அவற்றை அடர்த்தியென்று நினைத்து மகிழக்கூடாது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து கொண்டுவந்து நட்ட மஹோகனியும் பேரு பால்சம் மரமும் தாமாகவே விதை பரப்பி, நாட்டு மரங்களின் கன்றுகள் எழுவதற்கு ஒளியில்லாமல் செய்கின்றன. காட்டை வெட்டாமல் விட்டால் மட்டும் அது காடாக இருந்துவிடாது. தேயிலை மலையில் களை பிடுங்குவதைப்போல, இங்கேயும் தெரிந்தவர்கள் பொறுமையாகப் பிடுங்கியெடுக்க வேண்டியவை இருக்கின்றன. இதை அப்பாதான் எனக்கு முன்பாகக் கண்டுபிடித்தார். ஒரே வயதுக் கன்றுகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்ததும், "இது தானா வந்த காடு இல்லயே, நாத்துமேட மாதிரியில்ல இருக்கு" என்றார்.

காட்டின் மேட்டுப் பகுதியில் ஓரிடத்தில் கிளைகள் விலகுகின்றன. அங்கிருந்து, முந்தைய நாள் சுற்றி வந்த வாவி ஒரு கை அகலத்துக்குத் தெரிந்தது. மறுகரையில் வேஸ் பூங்கா எங்கே என்று விரலால் தேடினோம். முந்தைய நாள் அங்கிருந்து நாங்கள் இந்த இடத்தைப் பார்த்தோம். இப்போது இங்கிருந்து அந்த இடத்தைப் பார்க்கிறோம் என்பதில் அப்பாவுக்குச் சிறு பிள்ளையின் மகிழ்ச்சி. ஒரு மலைநகரத்தில் நடப்பதன் பேறு எனக்கு அந்தக் கணத்தில்தான் முழுமையாகக் கிடைத்தது.

மாத்தளை பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன் பேராதனைக்கு மீண்டும் போயாக வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். இரண்டாவது நுழைவுச்சீட்டுக்காக நான் தயங்கவில்லை. பார்க்காமல் விட்ட பனை வரிசைகளையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். நெடுநெடுவென்று உயர்ந்த பனைவகைகள் இருமருங்கும் நிற்கும் அந்த நெடும்பாதைகளில் யாழ்ப்பாணத்துப் பனைக்கும் ஒரு வரிசை உண்டு. ஈர மலைநாட்டில் அது நிற்பதைப் பார்க்கும்போது, ஊர்விட்டு வந்தவரைச் சந்தித்ததைப்போல இருக்கிறது. சீசெல்ஸ் தீவுகளின் இரட்டைத் தேங்காய் மரமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு காய் முற்றுவதற்கு ஆறேழு ஆண்டுகள் எடுக்கும், தாவர உலகிலேயே மிகப் பெரிய விதை அதனுடையது. பெரிய புல்வெளியில் கிளைகளைக் குடையாக விரித்திருக்கும் ஜாவா அத்தியின் நிழலில் குடும்பம் குடும்பமாக மக்கள் சோறு உண்டுகொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் உயர்ந்த மரங்களில் தொங்கிக்கொண்டு, பகல் முழுவதும் ஓயாமல் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. 1901 ஆம் ஆண்டில், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் தம் மனைவியோடு வந்து நட்ட நாகலிங்க மரத்தைக் காட்டினேன். அப்பா அதன் பூவைப் பார்த்துக் கைகூப்பினாரே தவிர, நட்டவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. முந்தைய நாளும் ஏறத்தாழ அதே நேரம்தான். அப்பா அந்தக் கொத்தை அடையாளம் கண்டு, ஈரமண்ணில் குடை ஊன்றிய சிறு குழியைத் தேடிப் பிடித்து, அதிலேயே குடையை மறுபடியும் நிறுத்தினார். முளையின் நுனி கைப்பிடியைக் கடந்து மேலே போயிருந்தது. கைப்பிடியின் முடிவிலிருந்து நுனி வரைக்கும் தன் கையை வைத்து அளந்தார். ஒரு சாண், அதற்கு மேல் நான்கு விரல். மறுபடியும் ஒருமுறை அளந்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, முளையைச் சுற்றி மிதிபட்டிருந்த மண்ணைக் காலால் மெதுவாக அணைத்துவிட்டு, கன்னொறுவைப் பக்கம் திரும்பி நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தரை மணிப் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் நான் அவரைக் கூப்பிடவில்லை.